கூப்பிட்டு, ஒரு மூச்சு விட்டு

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு வாய் எதற்கு இருக்கிறதென்றே தெரியவில்லை. தின்பதற்கும் கொட்டாவி விடுவதற்கும் என்று ஆகிப்போயிற்று. எதிர்மாடியில் நிற்பவனைக் கூப்பிட வேண்டுமானால்கூட போனை எடுத்து, தேய்த்து, காதில் வைத்துக்கொண்டு, "எங்க இருக்கே?" என்கிறார்கள். எதிரிலேதான் நிற்கிறான். கையைக்கூட ஆட்டுகிறான். இருந்தும், எங்கே இருக்கே. தொண்டை என்று ஒன்று இருப்பது மாத்திரை விழுங்குவதற்கு மட்டுமா?

டெஸ்டர் இதைச் சொல்லாத நாள் கிடையாது. பெற்றவர்கள் அவருக்கு வேறு பெயர்தான் வைத்தார்கள். அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இப்போது யாருமில்லை. சட்டைப்பையில் எந்நேரமும் கரண்ட் பார்க்கிற டெஸ்டரைச் செருகியிருப்பார். மெயினை அணைத்தாயிற்று என்று பத்துப் பேர் சத்தியம் பண்ணினாலும் தன் கையால் வைத்துப் பார்க்காமல் எந்தக் கம்பியையும் தொடமாட்டார். வீட்டில் கொடுக்கிற டீயில்கூட டெஸ்டரை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். பேசட்டும். பேசினவர்களில் ரெண்டு பேர் கரண்ட் அடித்து விழுந்தார்கள். இவர் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

வீடு வீடாக இன்டர்நெட் வயர் இழுக்கிற வேலை. இவரும், மகளைக் கட்டிய மாப்பிள்ளையும், மகன் சின்னவனும், நெட்டை என்று ஒரு கூலிக்காரனும். நாலு பேர். தெருவுக்குக் குறுக்கே இந்த மாடியிலிருந்து அந்த மாடிக்கு வயர் போக வேண்டும். கயிற்றைக் கையால் வீசினால் நடுவில் மரம் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் உண்டிவில். குருவி அடிக்கிற சாமான் என்று ஊரார் நினைப்பு. இவர்களுடையது இரும்புக் கம்பியை வளைத்த கவை. ரெண்டு பக்கமும் ரப்பர் பட்டை, நடுவே தோல். கைப்பிடிக்கு அடியில் நூல் உருளை ஒன்று முடுக்கியிருக்கும். நூலின் நுனியில் கொட்டைப்பாக்கு அளவு ஈயக்குண்டு. தோலில் குண்டை வைத்து இழுத்து விட்டால் மரத்துக்கு மேலே பறந்து, நூலை இழுத்துக்கொண்டு எதிர்மாடியில் போய் விழும். அந்த நூலில் கயிற்றைக் கட்டி, கயிற்றில் வயரைக் கட்டி, அந்தப் பக்கம் நிற்பவன் இழுத்துக்கொள்வான்.

இதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அந்தப் பக்கம் நிற்பவன் குண்டு வருவதைப் பார்க்கக் கூடாது. வருவதைப் பார்த்து விலகிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவன் விலகுவதற்குள் அது வந்துவிடும். அதனால் அவன் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அடிப்பவன் ரப்பரை இழுத்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி "முதுகு!" என்று கத்த வேண்டும். கத்திவிட்டு ஒரு மூச்சு விட வேண்டும். அப்புறம்தான் குண்டை விட வேண்டும். முதுகில் பட்டால் வீங்கும், நாலு நாள் மல்லாந்து படுக்க முடியாது, அவ்வளவுதான். முகத்தில் பட்டால் பட்டதுதான்.

அந்த முகத்தில்தான் பட்டது. சின்னவனின் வலது கண்ணில்.

*

டெஸ்டர் அப்போது கீழே தெருவில் வயர் உருளையோடு நின்றிருந்தார். வெயில் தலையைப் பிளந்தது. தார் ரோடு செருப்பைப் பிடித்துக்கொண்டது. தரைவீட்டு அம்மா ஒருத்தி கதவைத் திறந்து, "ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து மனுஷன் இப்பத்தான் கண்ணசந்திருக்காரு. மேல இருந்து ஒரே கூச்சல். கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள். இவர் தலையை ஆட்டிவைத்தார். கதவு சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் மேலே சத்தம் இல்லை. குண்டு ஒரு தரம் கிளையில் பட்டு இலை உதிர்ந்தது. உருளையில் வயர் சிக்கிக்கொண்டது, குனிந்து அதை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா!"

மேலேயிருந்து ஒரே ஒரு கத்தல். அவருடைய மகன் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை.

படிக்கட்டில் இறங்கி வந்தவன் உள்ளங்கையைக் கண்ணில் பொத்தியிருந்தான். விரலிடுக்கில் ரத்தம். எதிர்வீட்டிலிருந்து மாப்பிள்ளை ஓடிவந்தான். ஒரு கால் வெறுங்கால். கையில் உண்டிவில்லை இன்னும் பிடித்திருந்தான். அந்தக் கையைத்தான் டெஸ்டர் பார்த்தார்.

"முதுகுன்னு சொன்னியா?" என்றார்.

"மாமா, மொதல்ல ஆட்டோ..."

"சொன்னியான்னு கேட்டேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து "வாங்க மாப்ள, போங்க மாப்ள" என்றுதான் பேசியிருக்கிறார். மாமனார் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை என்பதால் ஒரு பிடி மரியாதை கூடவே போட்டுப் பேசுவார். இப்போது வாயில் 'நீ' வந்ததை மாப்பிள்ளையும் கவனித்தான், நெட்டையும் கவனித்தான்.

*

கண்ணாஸ்பத்திரி நடையில் மர பெஞ்சு. சுவரெல்லாம் ஒரே வெள்ளை, மருந்து நெடி. டாக்டர் பெண். கண்ணுக்குள்ளே ரத்தம் இறங்கியிருக்கிறது, மல்லாக்கப் படுக்கக் கூடாது, சாய்ந்தே உட்கார்ந்திருக்கட்டும், அசையக் கூடாது, காலையில் கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றாள்.

"பார்வை வருமா வராதா? ஒண்ணு சொல்லுங்க."

"காலையில சொல்றேன் பெரியவரே."

"இப்பத் தெரியாதது காலையில எப்படித் தெரியும்?"

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் மகள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது. உள்ளே தம்பி, வெளியே புருஷன். நடுவில் டீ பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்கு முதலில் ஊற்றுவதென்று தெரியாமல் யாருக்கும் ஊற்றவில்லை.

மாப்பிள்ளை நடையின் அந்தக் கோடியில் சுவரோடு சுவராகக் குந்தியிருந்தான். டெஸ்டருக்குக் காலையில் நடந்தது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

சின்னவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே அவன், "மச்சான், மாடி ரூம எப்ப காலி பண்றீங்க? பொண்ணு வீட்டுல கேக்கறாங்க" என்றான்.

"பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன். வீடு என்ன சோப்புக்கட்டியா, கடைக்குப் போய் வாங்கிட்டு வர்றதுக்கு?"

"நீங்களும் பாக்கறீங்க பாக்கறீங்க. மாமனார் வீட்டுல உக்காந்த இடம் சூடேறிட்டா யாருக்குத்தான் எழுந்திரிக்க மனசு வரும்?"

"டேய், என்னடா பேச்சு இது?" என்று மகள் பாய்ந்தாள். "சும்மா தமாஷுக்குக்கா" என்று சிரித்தான் அவன். மாப்பிள்ளை பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தான். சத்தமே இல்லாமல் வைத்தான். அதுதான் டெஸ்டருக்கு உறுத்தியது. ணங்கென்று வைக்கிறவன் கோபத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிறான். சத்தமில்லாமல் வைக்கிறவன் அதைத் தூக்கிக்கொண்டல்லவா போகிறான்?

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய் ஒரு போலீஸ்காரர் வந்தார். தொப்பை, அரை மீசை, அலுத்துப்போன கண். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அடிபட்டது எதனால?"

"உண்டிவில்லுங்க" என்றார் டெஸ்டர்.

"கவட்டைங்க" என்றான் நெட்டை.

"அதாம்ப்பா, கேட்டாபுல்ட்" என்றார் போலீஸ்காரர். "ஆளுக்கு ஒரு பேரு. நான் கவண்ணு போட்டுக்கறேன்."

"கவண் இல்லீங்க. கவண்ணா கயித்துல கல்ல வச்சுத் தலையைச் சுத்தி வீசறது. இதுல ரப்பர் இருக்கு, கவை இருக்கு."

"அதுலயும் கல்லு பறக்குது, இதுலயும் பறக்குது. பட்டா ரெண்டுலயும் கண்ணு போகுது. எனக்கு அது போதும் பெரியவரே. ஆயுதம், கவண்."

"ஆயுதமா? அது சாமானுங்க. எங்க வேலைச் சாமான். ஸ்க்ரூட்ரைவர் மாதிரி."

போலீஸ்காரர் பேனாவை மூடினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாமான்னா, கை தவறிப் பட்டுடுச்சு. நானும் போய்ச் சாப்பிட்டுப் படுப்பேன். ஆயுதம்னா வேணும்னே அடிச்சது. அப்ப அதோ குந்தியிருக்காரே, அவர நான் கூட்டிட்டுப் போகணும். காலையில வீட்டுல ரெண்டு பேருக்கும் ஏதோ வாய்த் தகராறுன்னு அக்கம்பக்கத்துல காதுல விழுந்துச்சு. உள்ள இருக்கற பையன் கை தவறின்னுதான் சொல்றான். பெத்தவர் நீங்க. எது?"

டெஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாமான் என்று அடித்துப் பேசியவர் அவர்தான். மாப்பிள்ளை மேல் சந்தேகமும் அவருக்குத்தான்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க. எனக்கு மேல ஒருத்தன் இருக்கான்."

அவர் போனதும் மகள் பிளாஸ்கை பெஞ்சில் வைத்தாள். இந்தத் தடவை ணங்கென்று.

"எம்புருஷன ஜெயிலுக்கு அனுப்பிட்டு, நான் உங்க மாடி ரூம்புல ஒக்காந்து என்ன பண்ண? தம்பியே சொல்றான், இல்லைன்னு."

"அவன் உனக்காகச் சொல்றான்."

"நீங்க யாருக்காகச் சொல்றீங்க?"

டெஸ்டர் எழுந்து உள்ளே போனார். சின்னவன் தலையணைகளில் சாய்ந்திருந்தான். பாதி முகத்துக்குக் கட்டு. மற்றக் கண்ணையும் மூடியிருந்தான்.

"சொல்லிட்டு அடிச்சானா, அடிச்சுட்டுச் சொன்னானா?"

"மொதக் குண்டு கிளையில மாட்டிக்கிச்சுப்பா. நூல் எங்க தொங்குதுன்னு பாக்கத் திரும்பினேன். போன்லதான் பேசிக்கிட்டிருந்தோம், அது காதுலதான் இருந்துச்சு. மச்சான் குரல் வந்துச்சு. குண்டும் வந்துச்சு."

"எது மொதல்ல?"

"சேந்தே வந்துச்சுப்பா."

"சேந்து எதுவும் வராது. ஒண்ணு முன்னால வரும், ஒண்ணு பின்னால வரும்."

"அப்ப பின்னாலதான் வந்திருக்கும், விடுங்களேன்" என்றான் சின்னவன். அவன் நல்ல கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அசையக் கூடாது என்பதால் துடைக்காமலே இருந்தான். டெஸ்டர் தன் துண்டின் நுனியால் ஒற்றி எடுத்தார்.

நடைக்கு வந்து, அந்தக் கோடிக்குப் போய், மாப்பிள்ளையின் முன்னால் நின்றார்.

"காலையில அதே மாடிக்கு வா. அதே சாமானோட. நீ அடி, அவன் நின்ன எடத்துல நான் நிக்கறேன்."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். காலையிலிருந்து அவனும் ஒன்றும் தின்றிருக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. "மாமா, என் கை நடுங்குது. என்னால முடியாது."

"கண்ணப் பாத்து அடிக்கறப்ப நடுங்கலியா?"

"நான் மரத்துக்கு மேல பாத்துத்தான் அடிச்சேன்" என்றான் மாப்பிள்ளை. முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "சரி, வர்றேன். நீங்களே வந்து நில்லுங்க."

*

காலையில் மகள் ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டாள். காற்று லேசாக இருந்தது. மரம் அசைந்தும் அசையாமலும் நின்றது. நேற்றைய ரத்தம் மொட்டைமாடியில் கருத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. டெஸ்டர் அதன் பக்கத்திலேயே போய் நின்றார். அருகில் தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடுகிற கொடி, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. மரத்தின் மறைவில் எதிர்மாடி தெரியவில்லை. மாப்பிள்ளையின் சட்டைத் தோள் மட்டும் இலைகளுக்கு நடுவே நீலமாகத் தெரிந்தது.

நெட்டையின் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அது கன்னத்தில் சுட்டது.

"இருக்கியா?"

கொஞ்சம் கழித்து, "இருக்கேன் மாமா" என்று வந்தது.

"நேத்து எப்படிச் சொல்லி அடிச்சியோ, அப்படியே. சத்தம் கூடக் கூடாது, குறையக் கூடாது."

"முதுகக் காட்டி நில்லுங்க. தயவு செஞ்சு இந்தப் பக்கம் திரும்பாதீங்க மாமா."

முதுகைக் காட்டி நின்றார். எத்தனை வருஷம் இப்படி நின்றிருக்கிறார், ஒருநாள்கூடப் பயந்ததில்லை. இன்று பிடரி குறுகுறுத்தது. பின்னால் ஒருத்தன் ரப்பரை இழுத்துக்கொண்டு நிற்கிறான். மகனின் கண்ணை எடுத்தவன். தன்னை நேற்று எல்லோர் முன்னாலும் 'நீ' என்று பேசியவரின் முதுகு அவன் எதிரில் இருக்கிறது. காக்கை ஒன்று தொட்டி மேல் உட்கார்ந்து அவரைச் சாய்ந்து பார்த்தது. திரும்பிப் பார்க்கலாம் என்று கழுத்து துடித்தது. இப்படித்தானே அவனும் திரும்பியிருப்பான்! கழுத்தை இறுக்கிக்கொண்டார். போனில் வெறும் இரைச்சல். காக்கை எழுந்து பறந்தது.

டங்!

குண்டு தொட்டியில் அடித்துக் காலடியில் உருண்டது. உருண்டு நின்றபின், காதுக்குள் மாப்பிள்ளையின் குரல் மெதுவாக, "முதுகு" என்றது.

குண்டுக்குப் பின்னால் வந்தது குரல். இதைத்தான் சின்னவன் சேர்ந்தே வந்தது என்றான்.

"மாமா? மாமா! பட்டுடுச்சா? ஏதாவது பேசுங்க!"

"கத்தாதே. இன்னொண்ணு அடி."

"வேணாம் மாமா."

"அடிடா!"

நூலை இழுத்துச் சுற்றிக்கொள்ள நேரம் ஆனது. மறுபடி முதுகு, மறுபடி இரைச்சல். இந்தத் தடவை காதுக்குள் "முதுகு" என்று கேட்டது. ஒரு மூச்சு. அப்புறம் டங்.

இந்தத் தடவை குரல் முன்னால்!

டெஸ்டர் போனைக் காதிலிருந்து எடுத்து அதை முறைத்துப் பார்த்தார். ஒரு தடவை பின்னால், ஒரு தடவை முன்னால். பச்சைப் புளுகனைக்கூட நம்பிவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு பேச்சு பேசுகிற சாட்சியை என்ன செய்வது? நேற்று எது நடந்தது? இந்தச் சனியன் நேற்று எப்படிப் பேசிற்று?

கீழே இறங்கினார். வாசலில் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தார். மாப்பிள்ளையும் எதிர்வீட்டிலிருந்து வந்து நெட்டையின் பக்கத்தில் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"போன்ல லேட்டா வந்துச்சா மாமா?"

"ஒரு தரம் வந்துச்சு. ஒரு தரம் வரல." போனை நெட்டையிடம் கொடுத்தார். "எல்லாம் இருக்கட்டும். நீ ஏன் வாயைத் தொறந்து கத்தல? இதுக்குப் பதில் சொல்லு. காலங்காலமாக் கத்தித்தானே அடிக்கறோம்? நேத்து மட்டும் என்ன, தொண்டை அடைச்சுக்கிச்சா?"

மாப்பிள்ளை உண்டிவில்லின் ரப்பரை விரலில் சுற்றினான். நெட்டை தரையைப் பார்த்தான்.

"சொல்லேன்டா. பேச வாய் இல்ல பாத்தீங்களா சார்?"

தரைவீட்டுக் கதவு திறந்தது. நேற்று வந்த அதே அம்மா. "தம்பிக்கு எப்படி இருக்கு? ராத்திரி பூரா எங்களுக்குத் தூக்கமே இல்ல" என்றாள். அப்புறம் மாப்பிள்ளையைக் காட்டி, "இவரத் திட்டாதீங்க பெரியவரே. நான் சொல்லப்போய்த்தானே நீங்க மேல பாத்து வாயில வெரல வச்சுக் காட்டினீங்க? ரெண்டு மாடிக்கும் காட்டினீங்க. காட்டினதும் கப்புசிப்புன்னு ஆயிட்டாங்க. என்னடா, பெரியவருக்கு இவ்வளவு மரியாதையான்னு நான் அவர்கிட்டகூடச் சொன்னேன்."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

இதை மாப்பிள்ளை நேற்றே சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம், போலீஸ்காரர் முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிளாஸை வைத்த மாதிரியே இதையும் சத்தமில்லாமல் வைத்திருந்தான்.

"நான் காட்டினது, மெதுவாக் கத்துங்கன்னு" என்றார் டெஸ்டர்.

"மெதுவா எப்படிங்க கத்தறது?" என்று கேட்டுவிட்டு நெட்டை நாக்கைக் கடித்துக்கொண்டான். போலீஸ்காரர் சிரிப்பை அடக்கத் தொப்பியைச் சரிசெய்தார்.

"சரி பெரியவரே. மத்தியானம் ஆகப்போகுது. சாமானா, ஆயுதமா?"

டெஸ்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் கையில் இருந்த உண்டிவில்லைப் பார்த்தார். கவையை வளைத்துக் கொடுத்தவர் அவர்தான். கையை நீட்டி அதை வாங்கினார். ரப்பரை இழுத்துப் பார்த்தார், முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்தார்.

"சாமான்தான். கை தவறின்னே எழுதிக்கங்க" என்றார். "நான் நம்பினேன்னு மட்டும் எழுதிடாதீங்க."

"அதுக்கெல்லாம் இதுல எடம் இல்ல" என்று போலீஸ்காரர் வண்டியை உதைத்தார்.

அவர் தெருமுனை தாண்டவில்லை, மாப்பிள்ளையின் போன் அடித்தது. எடுத்தவன் கேட்டுக்கொண்டே நின்றான். முகம் கோணிக்கொண்டு போயிற்று. போனை டெஸ்டரிடம் நீட்டினான்.

"அப்பா, கட்டப் பிரிச்சாச்சு" என்றாள் மகள். "வெளிச்சம் தெரியுதாம். ஆள் மசமசன்னு தெரியுதாம். போகப் போகத் தெளியும்கறாங்க."

"யாரு சொன்னது? டாக்டரா, அவன் வாயால சொன்னானா?"

"அவன்தான்ப்பா."

"அவன் கிட்டக் குடு. டேய், அக்கா எத்தனை வெரல் காட்டறா?"

பதில் வரத் தாமதமானது. டெஸ்டரின் கை போனை நசுக்கிவிடுகிற மாதிரி பிடித்திருந்தது. அப்புறம், "அவ எங்கப்பா காட்டறா, அழுதுக்கிட்டு இல்ல நிக்கறா" என்று வந்தது.

"தெரியாமச் சொல்றியா, தெரிஞ்சு சொல்றியா?"

"தெரிஞ்சுதான்ப்பா."

"இந்தப் போன்ல எதுவும் வேணாம். நான் நேர்ல வந்து பாக்கறேன்."

போனை மாப்பிள்ளையின் சட்டைப்பையில் தானே போட்டார். போட்டுவிட்டு, "சாப்பிட்டீங்களா மாப்ள?" என்று கேட்க வாயெடுத்தார். "அந்தப் பக்கத்து மாடிக்கு வயர் பாக்கி கெடக்கு. நேத்தே முடிச்சிருக்கணும்" என்றுதான் வந்தது. நீயும் போடவில்லை, நீங்களும் போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வெயில் ஏறிவிட்டது. நிழலே இல்லாத பக்கமாக நடந்துகொண்டிருந்தார். போன் லேட்டாக வருமாம். ஒரு தரம் வரும், ஒரு தரம் வராதாம். வெரல் காட்டினேனாம். மாமனார் ஒரு வெரலைக் காட்டிவிட்டால் இத்தனை வருஷச் சட்டம் போய்விடுமா? வாயைப் பொத்து என்றால் மூச்சையும் விடாமல் இருந்துவிடுவானா?

தெருமுனைக்கு வந்திருப்பார். பின்னாலிருந்து மாடி அதிர ஒரு கத்தல் வந்தது.

"முதுகு!"

தெருவில் நாலைந்து ஜன்னல்கள் திறந்தன. தரைவீட்டுக்காரர் தூக்கம் கலைந்து யாரையோ வைதார். டெஸ்டர் நடுத்தெருவில் அப்படியே நின்றார். திரும்பவில்லை. ஒரு மூச்சு. எங்கோ மேலே தகரத்தில் குண்டு விழுகிற சத்தம் கேட்டது. "வந்துடுச்சு!" என்று நெட்டையின் குரல்.

"நேத்து எங்கே போச்சாம் இந்தத் தொண்டை?" என்று சொல்லிக்கொண்டே அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி நடந்தார்.